ரோஸ் சீட்டில் உருப்படி இரண்டு

தோல் தொழிலில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் சுண்ணாம்புக் குழி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏற்றுமதி டாக்குமெண்ட் செக்ஷன். சுண்ணாம்புக் குழியின் நாற்றம் குளித்தால் போய்விடும். இன்வாய்ஸில் ஒரு எண் தப்பினால் வருகிற நாற்றம் மூன்று மாதத்துக்குக் கூடவே வீட்டுக்கு வரும்.

பத்தொன்பது வருடமாக ஆம்பூரில் ஒரு டேனரியில் இந்த வேலையைச் செய்கிறேன். தொழிலாளர்களுக்கு நான் டாக்குமெண்ட் மேடம். முதலாளிக்கு மட்டும் விமலாம்மா. முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்போம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இது இன்ன ஊர்ச் சரக்குதான் என்று சொல்லும் சான்றிதழ், இவற்றையெல்லாம் நான்கு நான்கு படி எடுத்து, சீல் குத்தி, கப்பலுக்கு முன்னால் போய்ச் சேரும்படி துரத்துவது என் வேலை. இதே பாவத்தைச் சுமக்கும் சகோதர சகோதரிகள் இதைப் படித்துவிட்டு, "எங்கள் கம்பெனியில் இதைவிட மோசம்" என்பார்கள். என்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றி. பாரசீகத்தில், கரூன் ஆற்றின் கரையில் ஒரு துறைமுகம். ஊர்ப் பெயர் வேண்டாம். பாய் இன்னும் அங்கே சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அங்கே துறைமுகக் கூலிகளுக்கும் எண்ணெய்க் கிணற்று ஆட்களுக்கும் பூட்ஸ் தைக்கிற கம்பெனி ஒன்று உண்டு. பூட்ஸுக்கு மேல்தோல் நாங்கள்.

பேரீச்சம்பழத்துக்கு நடுவில் இந்தியா

அந்த ஊரில் நம் நாட்டுக்காக இருந்தவர் ஒரு கௌரவ கான்சல். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம் ஒரு கொடியையும் ஒரு முத்திரையையும் கொடுத்துவிடுவார்கள். இவர் பேரீச்சம்பழ வியாபாரி. குடோனின் முன்பக்கம் கான்சல் அலுவலகம், பின்பக்கம் பழ மூட்டை. கான்சலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் தலையெழுத்து அவருடைய குமாஸ்தா ஃபர்ஹாத் கையில் இருந்தது. எங்கள் சரக்கு அங்கே இறங்கியது என்பதற்கு அவர் முத்திரை குத்தினால்தான் இங்கே என் ஃபைல் மூடும்.

முதல் தடவை அனுப்பிய செட்டை ஃபர்ஹாத் அப்படியே திருப்பி அனுப்பினார். கம்பெனி சீலின் வட்டம் காகித ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்ததாம். புதுச் செட் போனது. இரண்டு வாரம் கழித்து முத்திரையோடு வந்தது. இன்வாய்ஸின் நடுவில், சரியாக எங்கள் பாயின் கையெழுத்து மேல், பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு. எனக்கு வந்த கோபத்தில், முழு வட்டம் கேட்கிறவர்கள் கறை படாமல் அனுப்பக்கூடாதா என்று கேட்டு எழுதினேன். ஃபர்ஹாத்தின் ஆங்கிலம் அரசாங்க ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மேடம், அது கறை அல்ல. அது எங்கள் கான்சலின் முதன்மைத் தொழில்."

பாய்க்கு வந்த சோதனை

ஷூவின் உள்பக்கத்துக்குச் சில நாடுகளில் பன்றித் தோல் வைப்பார்கள். விலை குறைவு, காற்று போகும். பாரசீகத்தில் அது ஆகாது. ஆகவே ஒவ்வொரு சரக்கோடும், இதில் பன்றித் தோல் இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் போகவேண்டும் என்று ஃபர்ஹாத் எழுதினார்.

காகிதத்தை பாய் மேசையில் வைத்தேன். பாய் அன்று நோன்பு வேறு. கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை படித்தார், கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "அஞ்சு வேள தொழுவுறவன் நானு. என் டேனரில பன்னி இல்லன்னு நான் எழுதிக் குடுத்து, அத ஒரு பேரிச்சம்பழக்காரரு ஒத்துக்கணும். நடக்கட்டும் விமலாம்மா."

இரவல் பிளேட்

தோலின் மேல் தெரிகிற பொடிப்பொடியான ரேகை எல்லாம் மாடு கொடுத்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும். பாதி பிளேட் கொடுப்பது. ரேகை செதுக்கிய ஒரு பெரிய இரும்புப் பலகையைச் சூடேற்றி, பிரஸ் மெஷினில் வைத்துத் தோல்மேல் அழுத்தினால் ரேகை பதிந்துவிடும். எல்லா ரேகைக்கும் பிளேட் வைத்துக்கொள்ள எந்த டேனரியாலும் முடியாது. கல்யாணத்துக்கு அண்டா இரவல் வாங்குவதுபோல எங்கள் பக்கத்தில் பிளேட்டை இரவல் வாங்கிக்கொள்வோம். பூட்ஸ் கம்பெனிக்கு நாங்கள் காட்டிய சாம்பிளும் பக்கத்து டேனரியின் பிளேட்டில் அடித்ததுதான். அதை அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வினை அப்புறம் வந்தது. பூட்ஸ் கம்பெனி சொந்தமாக ஒரு பிரஸ் வாங்கிவிட்டது. பிளேட்டையும், அதை ஓட்டக் கற்றுத்தர ஓர் ஆளையும் ஒரு மாதத்துக்கு அனுப்புங்கள் என்றார்கள். ஆள் என்றால் சம்பத். கணியம்பாடிக்காரர், எங்கள் ஃபினிஷிங் செக்ஷன். பிளேட் சூடு போதுமா போதாதா என்று மீட்டரைப் பார்க்காமல் மேலே கையைக் காட்டிச் சொல்கிறவர். வாய் ரொம்பக் கம்மி. பக்கத்து டேனரி மேனேஜர் கோதண்டத்துக்கு வாய் ஜாஸ்தி. ரோஸ் சீட்டு போட்டால்தான் பிளேட்டை வெளியே விடுவேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். ரோஸ் சீட்டு என்பது, திரும்பி வரவேண்டிய பொருள் கேட்டைத் தாண்டும்போது எழுதுவது. உருப்படி, எண்ணிக்கை, திரும்பும் தேதி, உரிமையாளர் கையொப்பம். அடியில், 'சேதாரமின்றித் திருப்பித் தரப்படும்' என்று அச்சடித்திருக்கும்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது சம்பத்தின் மனைவி சுமதி ஊறுகாய்ப் பொட்டலத்தோடு வந்தார். எங்கள் ஷூ யூனிட்டிலேயே தையலில் இருப்பவர். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "இரும்புக்கு திரும்பி வர்ற தேதி போடறீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு எதுவும் போடலயே அக்கா" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கண் கலங்கியிருந்தது. அழுதுவிடப் போகிறார் என்று பயந்து, விளையாட்டாக அடுத்த வரியில் எழுதினேன்: உருப்படி 2, சம்பத், ஒன்று. அதே தேதி. முதல் வரிக்கு நேரே கோதண்டம் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது வரிக்கு நேரே, உரிமையாளர் என்ற இடத்தில், சுமதி போட்டார். போட்டுவிட்டு அடியில் இருந்ததைப் படித்தார். "சேதாரம் இல்லாமன்னு போட்டிருக்குதே, அது ரெண்டு உருப்படிக்கும் சேத்துதானே அக்கா?"

ஒன்பதில் ஒன்பது

பிளேட் கப்பலில் வளைகுடாவின் ஒரு துறைமுகத்துக்குப் போனது. சம்பத் விமானத்தில் அதே ஊருக்குப் போனார். அங்கிருந்து இருவரும் ஒரே லாஞ்சில் ஆற்றுக்குள் நுழைந்து ஊர் சேர்ந்தார்கள். லாஞ்ச் என்றால் மரத்தில் கட்டிய சரக்குப் படகு. பிளேட் இரும்பு என்று தெரிந்தும் அதில் பன்றித் தோல் இல்லை என்ற சான்றிதழை ஃபர்ஹாத் கேட்டார். கொடுத்தோம்.

முத்திரை குத்திய செட்டின் ஸ்கேன் வந்தது. ஃபர்ஹாத்துக்கு ஒரு பழக்கம், உள்ளே இருக்கிற காகிதம் எதுவானாலும் குத்துவார், மூலையில் எண் போடுவார். ஒருமுறை கூரியர்க்காரன் ரசீதுக்கும் குத்தியிருக்கிறார். இந்தத் தடவை எட்டுக் காகிதம் அனுப்பியதாக எனக்கு நினைவு. ஸ்கேனில் ஒன்பது இருந்தது. ஒன்பதாவது, ரோஸ் சீட்டின் கார்பன் காப்பி. பேக்கிங் லிஸ்ட்டின் பின்னால் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. சிங்க முத்திரை சரியாக 'சம்பத், ஒன்று' என்பதன் மேல் விழுந்திருந்தது.

பத்தொன்பது வருடத்தில் எனக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை. பாய்க்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் காகிதத்தை மட்டும் ரத்து செய்யும்படி ஃபர்ஹாத்துக்குப் பணிவாக எழுதினேன். அரை மணியில் பதில்: "குத்திய முத்திரையை ரத்து செய்ய ஒரு படிவம் உண்டு, மேடம். அந்தப் படிவம் எங்களிடம் இல்லை."

இரண்டு பேர் வரிசை

மூன்றாவது வாரம் அங்கே சண்டை மூண்டது. விமானம் நின்றது. விசா நீட்டிப்புக்காக சம்பத் கொடுத்திருந்த பாஸ்போர்ட் ஒரு போலீஸ் அலுவலகத்தில் இருந்தது. அந்த அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கேன்டீன் டிவியில் நாள் முழுக்க அந்தப் பக்கத்துத் தீயையும் புகையையும் காட்டினார்கள். சுமதி டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் யாரோ டிவியை நிறுத்திவிட்டார்கள்.

அதிலிருந்து என் அறைக்குத் தினம் இரண்டு பேர். காலை பத்து மணிக்குக் கோதண்டம், பிளேட்டைக் கேட்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுமதி, புருஷனைக் கேட்க. இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. சுமதி கேட்டுவிட்டுப் போய்விடுவார். கோதண்டம் போகமாட்டார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே ஓர் ஆள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார், நீங்கள் இரும்பைக் கேட்கிறீர்களே என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து இன்னும் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "ஆளுக்கு கவர்மெண்டு இருக்குது மேடம். பிளேட்டுக்கு நம்மள விட்டா யாரு இருக்காங்க?"

இரண்டு விதமான குரல்

அங்கே தினம் ஒரு மணி நேரம்போல் நெட் வரும். அப்போது சம்பத் குரல் பதிவு அனுப்புவார். மனைவிக்கு இரண்டு நிமிடம், எனக்குப் பத்து விநாடி. எனக்கு வருவதில் வேலை விஷயம் மட்டும்தான் இருக்கும். பிளேட்டை எண்ணெய்த் துணி சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், கோதண்டம் சாரிடம் சொல்லுங்கள். பூட்ஸ் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஒருநாள் சுமதி, எனக்கு வந்த பதிவைத் தானும் கேட்கவேண்டும் என்றார். அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லையே, வெறும் பிளேட் கதைதானே என்றேன். பரவாயில்லை, போடுங்கள் என்றார். போட்டேன். பத்து விநாடி. இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்போதுதான் நானும் சம்பத்தின் பேச்சை விட்டுவிட்டுப் பின்னால் இருந்ததைக் கேட்டேன். டம் என்று தூரத்தில் ஒரு குண்டு, அப்புறம் கொஞ்சம் கிட்டத்தில் ஒன்று. பிளேட் என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்குகிறது. சுமதி போனை என் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "எனக்கு அனுப்பறப்ப எங்கியோ கதவ சாத்திக்கினு பேசறாரு அக்கா. உங்களுக்கு அனுப்பறதுலதான் சத்தம் கேக்குது."

ஒன்பதிலிருந்து ஒன்று வரை

செய்யவேண்டியதெல்லாம் செய்தோம். அரசாங்கத்தின் உதவி எண்ணில் பதிவு செய்தோம். மரியாதையாகப் பேசினார்கள், பெயர் பட்டியலில் இருக்கிறது என்றார்கள். பாய் தனக்குத் தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டார். கடைசியில் நான் ஃபர்ஹாத்துக்கே எழுதினேன். பாஸ்போர்ட் இல்லாத நம் ஆள் ஒருவருக்கு ஊர் திரும்ப ஒரு காகிதம் தரமுடியுமா என்று.

முடியாது. ஆட்களுக்குக் காகிதம் தருவதற்குத் தலைநகரத்துத் தூதரகத்தின் உத்தரவு வேண்டும், தலைநகரத்துக்கு லைன் கிடையாது. அலுவலகம் பூட்டியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். ஆற்றை எப்போது மூடுவார்கள் என்று தெரியாததால், தற்காலிகமாக உள்ளே வந்த வெளிநாட்டுச் சரக்கையெல்லாம் உடனே லாஞ்சில் ஏற்றித் திருப்பி அனுப்பச் சொல்லித் துறைமுகத்தில் உத்தரவாம். அதனால் முத்திரைக்குக் கூட்டமாம். "ஆட்கள் பிரிவு மறு அறிவிப்பு வரை மூடல். சரக்குப் பிரிவு வழக்கம்போல் ஒன்பதிலிருந்து ஒன்று வரை. பேரீச்சம்பழம் சண்டை முடியும்வரை காத்திருக்காது, மேடம்."

நிகர எடை, மொத்த எடை

அந்தப் பதிலை நான் சுமதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்படியானால் பிளேட் வந்துவிடும், இல்லையா என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். கையிலிருந்த நூலை விரலில் சுற்றினார். பிறகு, "அந்த ரோஸ் சீட்டு அவங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னீங்களே, அதுல அவரும் உருப்படிதானே?" என்றார்.

இப்படி ஒரு யோசனை எனக்கு வராமல் போனதற்குக் காரணம், நான் படித்தவள், பத்தொன்பது வருட அனுபவசாலி. அன்றே கடிதம் அடித்தேன். பார்வையில் கண்ட, தங்களால் முத்திரையிடப்பட்ட ஒன்பதாம் காகிதத்தின்படி உருப்படிகள் இரண்டு. திரும்பும் தேதி இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றை விட்டு ஒன்றை அனுப்பினால் சீட்டை முடிக்க இயலாது. ஆகவே இரண்டையும் ஒரே லாஞ்சில் ஏற்றித் தரவும். அடியில் கம்பெனி சீல் குத்தினேன். முழு வட்டம்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. உருப்படி இரண்டின் நிகர எடை, மொத்த எடை குறிப்பிடப்படவில்லை. பன்றித் தோல் இல்லை என்ற சான்றிதழும் இணைக்கப்படவில்லை. சுமதியைக் கேட்டேன். போகும்போது அறுபத்திரண்டு கிலோ என்றார். சட்டை, பேன்ட், பையோடு மொத்த எடை எழுபது என்று போட்டேன். சான்றிதழை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். இது எதற்கு, என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சீட்டு போன கதை உட்பட. பாய் என்னைத் திட்டவில்லை. பேனாவைத் திறந்தார். "அவன் இன்னா சாப்ட்டான்னு கேக்கல. அவன் தோல் இன்னா தோலுன்னுதானே கேக்கறாங்க? குடுங்க, தெகிரியமா போடறேன்."

சரக்குப் பிரிவின் கடமை

லாஞ்ச் கிளம்பிய காலை ஃபர்ஹாத்திடமிருந்து முதல்முறையாக போன் வந்தது. அதுவரை எழுத்து மட்டும்தான். ஐம்பது வயதுக்காரர் குரல், சளி பிடித்த மாதிரி. அவரே படித்துறைக்குப் போயிருக்கிறார். மரப்பெட்டிமேல் ஒரு முத்திரை, ஒன்பதாம் காகிதத்தில் புதிதாக ஒரு முத்திரை. துறைமுகக் காவலன் பெட்டியைப் பார்த்துவிட்டு, இன்னொரு உருப்படி எங்கே என்று கேட்டானாம். ஃபர்ஹாத் சம்பத்தைக் காட்டினாராம். அவன் காகிதத்தைப் பார்த்தான், முத்திரையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், ஏறச் சொன்னான். சண்டைக் காலத்தில் முத்திரையோடு யாரும் வாதாடுவதில்லை என்றார் ஃபர்ஹாத்.

பின்னால் சத்தம் கேட்டது. நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மணி வரை அலுவலகம் உண்டு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி என்ற சொல்லை ஆங்கிலத்தில் நான்கைந்து தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் அது முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நான் சரக்குப் பிரிவு மட்டுமே, மேடம். சரக்கைச் சேதாரமின்றி ஏற்றிவிட்டேன்."

துணை

அடுத்த இரண்டு நாள் லாஞ்சைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சுமதி வேலைக்கு வந்தார், தைத்தார், ஒரு ஜோடி ஷூவில் இரண்டும் இடது காலாகத் தைத்தார். சூப்பர்வைசர் அதை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் கோதண்டம் வந்தார், உட்கார்ந்தார், பிளேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை சம்பத் வளைகுடாவிலிருந்து பேசினார். அங்கே நம் தூதரகம் பெரியது. நான் அனுப்பிய பாஸ்போர்ட் நகலை வைத்து, ஊர் திரும்பக் காகிதம் எழுதினார்கள். எழுதிய அதிகாரி ஒன்பதாம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இரும்புப் பலகைக்குக் கீழே உன் பெயர் எப்படி வந்தது என்று கேட்டாராம். வாய் கம்மியான சம்பத் அன்று இரண்டு வாக்கியம் பேசியிருக்கிறார். "போறப்ப நான் அதுக்கு தொணையா போனேன் சார். வர்றப்ப அது எனக்கு தொணையா வந்துச்சு."

சீட்டை முடித்தல்

சம்பத் விமானத்தில் வந்தார், பிளேட் கப்பலில். ஆகவே அவர் கேட்டுக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் ரோஸ் சீட்டை முடிக்கவில்லை. இரண்டு உருப்படியில் ஒன்றுதான் வந்திருக்கிறது, பாதி வரவை எழுத இடமில்லை என்றார். சட்டப்படி சரி. நான் வாதாடவில்லை. நாலு வாரம் சம்பத் கணக்கில் வராமலே வேலை செய்தார். பிரஸ் மெஷின் இறங்கும்போது தடால் என்று ஒரு சத்தம் வரும். பன்னிரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்றவர், இப்போது ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் தெரியும்.

பிளேட் வந்த அன்று கோதண்டம் டார்ச்சோடு வந்தார். எண்ணெய்த் துணியைப் பிரித்து, ஓரம் ஓரமாக வெளிச்சம் அடித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வரிக்கு உரிமையாளர் வேண்டும். சுமதியைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையில் கத்தரிக்கோலோடு வந்தார். சம்பத்தைத் தோல் நிறுக்கிற தராசில் ஏறச் சொன்னார். நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. சம்பத் ஏறினார். ஐம்பத்தெட்டு. அந்த நேரம் பார்த்து உள்ளே பிரஸ் இறங்கியது. தராசு முள் ஆடியது. சுமதி முள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பெறப்பட்ட நிலை என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பேனாவை என் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்தை முதலில் போட்டார். "நாலு கிலோ கம்மி. சேதாரம்னு எழுதாதீங்க அக்கா, அத ஊட்ல நான் பாத்துக்கறேன்."

பத்தொன்பது வருடத்தில் நான் சரிபார்த்து, நான்கு படி எடுத்து, முழு வட்டமாக சீல் குத்தி அனுப்பிய காகிதங்களில் ஓர் ஆளுக்கு உருப்படியாக உதவியது, விளையாட்டாக எழுதித் தவறுதலாக அனுப்பிய ஒன்றுதான்.